மலைத்தோட்டம் சமப்படுத்துகிறீர்களா? முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள்!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மலைகளில் மண்வேலை தொடங்கிவிடும். சரிவாகக் கிடக்கும் தோட்டத்தைச் சமமாக்கிக் கேரட், பீன்ஸ், பூண்டு, உருளை போட வேண்டும். வண்டி உள்ளே வர வழி வேண்டும். விசைக்களையெடுப்பான் ஓட்ட இடம் வேண்டும். தேவைகள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால், கோடையில் அழகாக வெட்டி நிறுத்திய கரை, ஐப்பசி மழையில் ஒரே இரவில் சரிந்து கீழ்த்தோட்டத்தில் போய் விழுவதும் மலையில் வழக்கமாகிவிட்டது.

கரை சரிந்தால் நஷ்டம் மண் அள்ளிய கூலியோடு நிற்பதில்லை. பல தலைமுறை எருப் போட்டு வளர்த்த மேல்மண் போய்விடும். கீழே இருப்பது பக்கத்துக்காரர் தோட்டமாக இருந்தால் தகராறு. வீடாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். அந்தச் சரிவுகள் எல்லாம் தோட்ட வேலையால் வந்தவை அல்ல. ஆனால், செங்குத்தாக வெட்டிய மண்ணும் வெளியேற வழியில்லாத தண்ணீரும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மலையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் தண்ணீரைப் பொறுத்தது. சுவர் எவ்வளவு கனம் என்பது அதற்கு அடுத்த கேள்விதான். மண்வெட்டியை எடுப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகப்போகிறது என்பதை முடிவு செய்துவிட்டால், மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

கரை ஏன் சரிகிறது?

லேசான ஈரத்தில் மண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கோடையில் வெட்டிய கரை செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்து 'மண் கெட்டியான மண்' என்று நம்பிவிடக் கூடாது. தொடர்ந்து மழை பெய்து மண்ணின் இடுக்குகள் எல்லாம் நீரால் நிரம்பியதும் அந்தப் பிடிப்பு போய்விடும். அதே நேரத்தில் மண்ணின் எடையும் கூடும். நீர் நிறைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2 டன் எடை இருக்கும். பிடிப்பு குறைந்து எடை கூடினால் கரை கீழே வருவதைத் தவிர வேறு வழியில்லை.

சுவர் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 3 அடி உயரச் சுவரின் பின்னால் முழு உயரத்துக்கும் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தின் மீதும் தண்ணீர் மட்டும் சுமார் 130 கிலோ விசையுடன் தள்ளும். உயரம் 6 அடியானால் அந்தத் தள்ளுவிசை இரட்டிப்பாகாது. நான்கு மடங்காகி 500 கிலோவைத் தாண்டிவிடும். மண்ணின் தள்ளுவிசை இதற்கு மேல் தனி. துளையில்லாமல் கட்டிய சிமென்ட் சுவர் வயிறு தள்ளி விழுவது இதனால்தான்.

இன்னொரு காரணம், வெட்டிய மண்ணைப் புல்லின் மேலேயே கொட்டுவது. புல், சருகு, களைகளின் மேல் கொட்டிய புது மண் பழைய மண்ணோடு சேர்வதில்லை. நடுவில் இருக்கும் புல் அழுகி வழுக்குப் படலமாகிவிடும். மழைநீர் அந்த இடைவெளியில் இறங்கியதும் புது மண் முழுவதும் பலகையில் இருந்து சறுக்குவதுபோல் இறங்கும்.

மழையிலேயே தோட்டத்தைச் சுற்றி வாருங்கள்

சமப்படுத்தத் திட்டமிடும் தோட்டத்தை, முந்தைய மழைக்காலத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. மேலே இருக்கும் சாலை, தேயிலைத் தோட்டம், வீடு ஆகியவற்றிலிருந்து தண்ணீர் எந்த இடத்தில் உங்கள் நிலத்துக்குள் நுழைகிறது? எங்கே தேங்குகிறது? எங்கே ஊற்றெடுக்கிறது? அந்த இடங்களில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கோடையில் போனால் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சில அடையாளங்கள் இருந்தால் சமப்படுத்தும் யோசனையையே நிறுத்திவைக்க வேண்டும். நிலத்தில் பிறை வடிவத்தில் வெடிப்பு ஓடுவது, மரங்களும் வேலிக் கம்பங்களும் சரிவுப் பக்கம் சாய்ந்து நிற்பது, கோடையிலும் ஈரம் காயாத திட்டுகள், முன்பு சரிந்த மண் குவிந்து கிடக்கும் மேடு ஆகியவை அந்த நிலம் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கான சான்று. அங்கே வெட்டினால் சரிவை நாமே அழைத்து வருவதாகும். கரைக்கு நேர் கீழே வீடு, பள்ளி, சாலை இருந்தாலும் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

சரிவை அளக்க 10 அடிக் கம்பு போதும்

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 10 அடி நீள நேரான கம்பு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு டேப் போதும். கம்பின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையைத் தூக்கி ரசமட்டம் வைத்துச் சமமாகப் பிடியுங்கள். தூக்கிய முனையிலிருந்து தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டரை அடி இருந்தால் சரிவு 25 சதவீதம். தோட்டத்தில் நான்கைந்து இடங்களில் இப்படி அளந்து சராசரி எடுத்துக்கொள்ளலாம்.

சரிவு தெரிந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். பொதுவாக 16 முதல் 33 சதவீதம் வரை சரிவுள்ள, மண் ஆழமான நிலங்களுக்குத்தான் படித்தளம் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குக் குறைவான சரிவில் சம உயர வரப்பும் புல் வரிசையும் போதும். அதற்கு மேல் போனால் காய்கறிக்காக வெட்டுவதைத் தவிர்த்து, தேயிலை, காபி, பழமரம் போன்ற நீண்டகாலப் பயிர்களை வைப்பதே நிலத்துக்கு நல்லது.

படி வெட்டும் கோடு சம உயரத்தில் ஓட வேண்டும். இதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயே போதுமானது. கண்ணளவில் கயிறு கட்டி நேர்கோட்டில் வெட்டினால், படியின் ஒரு முனை தாழ்ந்து மழைநீர் முழுவதும் அங்கே சேர்ந்து கரையை உடைத்துவிடும். மலையின் வளைவோடு படியும் வளைந்து போகட்டும்.

அகலம் கூடினால் ஆபத்தும் கூடும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் 50 சென்ட் காய்கறித் தோட்டம், சரிவு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கரையை ஓர் அடி உயரத்துக்கு அரை அடி உள்வாங்கிச் சாய்த்து வெட்டுவதாகக் கொள்வோம்.

படியின் அகலம் 12 அடி என்றால் ஒவ்வொரு கரையின் உயரமும் சுமார் 3 அடி 5 அங்குலம் வரும். படியின் உள் ஓரத்தில் வெட்டும் ஆழம் ஒன்றரை அடி. புரட்டிப் போட வேண்டிய மண் ஏறத்தாழ 80 யூனிட்.

'இரண்டு படியை ஒன்றாக்கி 24 அடியாக எடுத்துவிடுவோம், வண்டி திரும்பும்' என்று முடிவு செய்தால், கரையின் உயரம் 6 அடி 10 அங்குலமாகும். உள் ஓரத்தில் 3 அடி ஆழம் வெட்ட வேண்டும். மண் 160 யூனிட். கூலி இரட்டிப்பு. ஆனால், கிடைக்கும் சாகுபடிப் பரப்பு கொஞ்சமும் கூடாது. இரண்டு முறையிலும் நிலத்தில் எட்டில் ஒரு பங்கு கரைக்குப் போய்விடும். அகலமான படியால் கிடைப்பது வசதி மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலை இரு மடங்கு உயரமான கரை.

ஆகவே, தோட்டம் முழுவதையும் ஒரே மைதானமாக்கும் ஆசை வேண்டாம். பயிருக்குத் தேவையான குறைந்த அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் மலையோடு மலையாக வளைந்து இறங்கும் குறுகிய படிகளைப் பார்க்கலாம். வண்டி நிறுத்தவும் விளைச்சலைக் கட்டி ஏற்றவும் இடம் வேண்டும் என்றால், தோட்டத்தில் சரிவு குறைந்த ஒரு மூலையை மட்டும் அதற்கு ஒதுக்கலாம்.

மேல்மண் தனி, அடிமண் தனி

மலைத்தோட்டத்தில் கருப்பாக, பொலபொலவென்று இருக்கும் மேல்மண் பல இடங்களில் ஓர் அடிக்கும் குறைவு. அதற்குக் கீழே சிவப்பு அல்லது மஞ்சள் களிமண். இயந்திரத்தை இறக்கி ஒரே மூச்சில் வெட்டினால் மேல்மண் கரைக்குள் புதைந்து, அடிமண் மேலே வந்துவிடும். பிறகு மூன்று நான்கு வருடம் எவ்வளவு எருப் போட்டாலும் படியின் உள்பாதியில் விளைச்சல் வராது. 'சமப்படுத்தியதில் இருந்து தோட்டம் செத்துப்போச்சு' என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

இதைத் தவிர்க்க வேலையைக் கீழ்ப்படியில் தொடங்கி மேலே போக வேண்டும். முதல் படிக்கான இடத்தில் மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணை வெட்டி நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். அடுத்த படிக்கான இடத்தின் மேல்மண்ணைச் சுரண்டும்போது அதைக் கீழ்ப்படியில் பரப்பிவிடலாம். இப்படியே மேலே போனால், முதலில் குவித்த மண்ணைக் கடைசிப் படிக்குச் சுமந்தால் போதும். மழை இல்லாத காலத்தில்தான் இந்த முறை சரிவரும். வேலை முடிவதற்குள் மழை பிடிக்கும் என்று தோன்றினால், மொத்த நிலத்தையும் கிளறிப் போடாமல் முடிக்கக்கூடிய இரண்டு மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிரப்பும் மண்ணை அப்படியே கொட்டக் கூடாது. முதலில் அந்த இடத்தில் புல், வேர், சருகுகளை அகற்றி, பழைய தரையில் சிறு சிறு படிகளாகக் கொத்திவிட வேண்டும். புது மண் அந்தப் பற்களில் பிடித்துக்கொள்ளும். அரை அடி கனத்துக்கு ஒருமுறை மண்ணைப் பரப்பி, லேசாக நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். எவ்வளவு இடித்தாலும் புது மண் ஒரு மழைக்குப் பிறகு அமிழும். எனவே, நிரப்பிய உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றி விடுவது வழக்கம்.

தண்ணீருக்கு நான்கு வழிகள்

ஒரு ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 4 லட்சம் லிட்டர். மேலேயிருந்து வரும் தண்ணீர் இதில் சேராது. இவ்வளவும் தோட்டத்தைச் சேதப்படுத்தாமல் வெளியேற நான்கு ஏற்பாடுகள் தேவை.

முதலாவது, மேல் வாய்க்கால். தோட்டத்தின் மேல் எல்லையில், முதல் படிக்குச் சில அடி மேலே ஒரு வாய்க்கால் எடுத்து, வெளியிலிருந்து வரும் தண்ணீரை உள்ளே விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். படி வெட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, உள்சாய்வு. மழை அதிகமுள்ள மலைகளில் படி துல்லியமான சமமாக இருக்கக் கூடாது. 12 அடி அகலத்துக்கு மூன்று நான்கு அங்குலம் உள்பக்கம், அதாவது மலைப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வெளி விளிம்பைத் தாண்டிக் கரை மேல் வழியாது. உருளை, கேரட் போன்ற, வேரடியில் தண்ணீர் தேங்கினால் அழுகும் பயிர்களுக்கும் இந்த வடிகால் அவசியம்.

மூன்றாவது, உள் வாய்க்கால். உள் ஓரத்தில் சேரும் தண்ணீர் படியின் நீளவாக்கில் மெதுவாக ஓட வேண்டும். 100 அடி நீளத்துக்கு அரை அடியிலிருந்து ஓர் அடி வரை இறக்கம் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் தண்ணீர் வேகமெடுத்து மண்ணை அரிக்கும். வாய்க்காலைக் கரையின் அடியை ஒட்டித் தோண்டாமல் ஓர் அடி தள்ளித் தோண்டுங்கள். கரையின் கால் ஊறினால் கரை நிற்காது. ஒரே படி 300 அடிக்கு மேல் நீண்டால் நடுவில் பிரித்து இரு பக்கமும் வடிய விடலாம்.

நான்காவது, இறங்கு வாய்க்கால். எல்லாப் படிகளின் தண்ணீரும் வந்து சேர்ந்து மேலிருந்து கீழே இறங்கும் வழி இது. மிகவும் அரிக்கப்படும் இடமும் இதுதான். இயற்கையாக ஏற்கெனவே ஓடை இறங்கும் தாழ்வான இடத்தையே இதற்குத் தேர்ந்தெடுத்து, கல் பதித்தோ புல் வளர்த்தோ பலப்படுத்த வேண்டும். சரிவு அதிகமானால் கற்களைப் படிக்கட்டுபோல் அடுக்கினால் தண்ணீரின் வேகம் குறையும். ஒவ்வொரு படியின் முனையிலும் ஒரு வண்டல் குழி இருந்தால் அடித்துவரும் மண் அதில் தங்கும். மழை நின்றதும் அள்ளிப் படியில் போட்டுவிடலாம்.

இறங்கு வாய்க்கால் பொது ஓடையில் போய்ச் சேர வேண்டும். பக்கத்துத் தோட்டத்தின் தலையில் திறந்துவிட்டால், அங்கே கரை சரியும். அந்தப் பழி நம் மேல் வரும். வேலை தொடங்கும் முன் மேல்தோட்டக்காரரையும் கீழ்த்தோட்டக்காரரையும் உட்காரவைத்துத் தண்ணீர்ப் பாதையைப் பேசி முடித்துவிடுவது, பின்னால் வரும் பல வழக்குகளை மிச்சப்படுத்தும்.

மழைத் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுத் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. குளியலறைக் கழிவுநீர், கழிவறை உறிஞ்சுகுழி, ஒழுகும் ஸ்பிரிங்ளர் இணைப்பு, நிரம்பி வழியும் தொட்டி ஆகியவை கரைக்கு மேல்பக்கம் இருந்தால் வருடம் முழுவதும் மண்ணை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு சாதாரண மழை போதும். தண்ணீர்த் தொட்டியின் எடையும் கரை ஓரத்தில் இருக்கக் கூடாது.

மண் கரையா, கல் கரையா?

நான்கு அடிக்குள் இருக்கும் கரைக்கு, மண் நன்றாக இருந்தால், சாய்த்து வெட்டிப் புல் வளர்த்தாலே போதும். வெட்டிய பாதியைவிட நிரப்பிய பாதிக்குச் சாய்வு அதிகம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு ஓர் அடி உள்வாங்கினால் பாதுகாப்பு. செங்குத்தாக நிறுத்தி இடத்தை மிச்சப்படுத்தப் பார்த்தால், அந்த இடத்தை மழை திருப்பி எடுத்துக்கொள்ளும்.

தோட்டத்திலேயே கல் கிடைத்தால் சிமென்ட் இல்லாத கல் அடுக்குக் கரை சிறந்தது. கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேறிவிடும் என்பதே இதன் பலம். கெட்டித் தரை வரும்வரை, குறைந்தது ஓர் அடி ஆழம் தோண்டி, பெரிய கற்களை அடியில் வைக்க வேண்டும். சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதி இருக்கட்டும். 4 அடி உயரத்துக்கு ஓர் அடி மலைப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். செங்கல் கட்டுவதுபோல், கீழ் வரிசையின் இணைப்பு மேல் கல்லின் நடுவில் வர வேண்டும். ஆங்காங்கே நீளமான கல்லை உள்நோக்கிச் செருகினால் முகப்புக் கற்களும் உள்கற்களும் பிணைந்து நிற்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் அடிக்குக் கற்சில்லு நிரப்புவது கட்டாயம். அந்தச் சில்லுக்குள் மண் புகுந்து அடைக்காமல் இருக்க, இடையில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது.

சிமென்ட் சுவர்தான் வேண்டும் என்றால் ஐந்தாறு அடிக்கு ஒன்றாக, கீழ்மட்டத்திலும் அதற்கு மேலும், 3 அங்குலக் குழாய் வைத்துக் கசிவுத் துளைகள் விட வேண்டும். குழாய் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பின்னால் ஜல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால், முதல் மழையிலேயே சேறு அடைத்துக்கொள்ளும். ஈரம் அதிகமுள்ள இடங்களில் கம்பிவலைப் பெட்டிக்குள் கல் நிரப்பிய 'கேபியன்' சுவர் ஏற்றது. மண் சற்று அசைந்தாலும் அது வெடிக்காமல் வளைந்து கொடுக்கும்.

5 அடிக்கு மேல் எந்தச் சுவரானாலும், கொத்தனார் அனுபவத்தை மட்டும் நம்பாமல் பொறியாளரிடம் காட்டி வரைபடம் வாங்கிக் கட்டுங்கள். ஒரே உயரச் சுவருக்குப் பதில், நடுவில் சில அடி இடைவெளி விட்டு இரண்டு குட்டைச் சுவர் கட்டுவது பல இடங்களில் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. உர மூட்டைப் பைகளில் மண் நிரப்பி அடுக்குவது அவசரத்துக்கு மட்டுமே. வெயில் பட்டால் பை சில மாதங்களில் நைந்துவிடும்.

வெட்டிவேர் எனும் உயிர்வேலி

கரையைப் பிடித்து நிறுத்தும் புற்களில் வெட்டிவேருக்குத் தனி இடம் உண்டு. இதன் வேர்கள் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே, 6 முதல் 10 அடி ஆழம்வரை இறங்கும். அதனால் பயிரின் உரத்தோடு போட்டி போடுவது குறைவு. தென்னிந்தியாவில் சாகுபடியாகும் வகை விதை விழுந்து பரவாது என்பதால் களையாகும் பயமும் இல்லை. கர்நாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பகுதியில் விவசாயிகள் நெடுங்காலமாக வயல் எல்லையில் இதை வளர்த்துவந்தனர். 1980களில் உலக வங்கி, மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல்லைப் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

மூன்று தூர்கள் சேர்ந்த கன்றாகப் பிரித்து, இலையை முக்கால் அடிக்கு நறுக்கிவிட்டு, அரை அடிக்கு ஒன்றாகக் கரையின் மேல் விளிம்பை ஒட்டி ஒரே வரிசையில் நட வேண்டும். 100 அடி நீளத்துக்கு 200 கன்றுகள் தேவைப்படும். உயரமான மண் கரையில் 3 அடிக்கு ஒரு வரிசை கூடுதலாக நடலாம். ஜூன் மழையில் நட்டால் அக்டோபர் மழைக்குள் வேர் பிடித்துவிடும். முதல் வருடத்தில் செத்துப்போன கன்றுகளுக்குப் பதில் உடனே வேறு நட வேண்டும். வரிசையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் முழுவதும் அங்கேதான் பாயும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஓர் அடி உயரத்துக்கு நறுக்கி, அந்தத் தழையைப் பாத்தியில் மூடாக்காகப் போடலாம். ஆனால், கரையில் வைத்த வெட்டிவேரை வேருக்காகத் தோண்டி விற்கக் கூடாது. வேரை எடுத்தால் கரையையே எடுத்ததாகிவிடும்.

உறைபனி விழும் உதகை, கொடைக்கானல் மேல்பகுதிகளிலும், அடர்ந்த நிழலிலும் வெட்டிவேர் தேறுவது கடினம். அங்கே சுற்றுவட்டாரக் கரைகளில் இயல்பாகச் செழித்திருக்கும் புல்லையே பத்தைகளாகப் பெயர்த்துப் பதிக்கலாம். கிக்கியூ புல் நன்றாகப் பிடிக்கும் என்றாலும் பாத்திக்குள் ஊர்ந்துவிடும். விளிம்பில் வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் பயன்படும் குவாத்தமாலா புல், எலுமிச்சைப்புல் ஆகியவை சற்றுத் தாழ்வான மலைகளுக்கு ஏற்றவை. புல் பிடிக்கும்வரை கரையின் முகத்தில் தென்னை நார் வலையை விரித்து முளைக்குச்சி அடித்தால் மழைத்துளி மண்ணைக் கரைக்காது. சில்வர் ஓக் போன்ற உயர மரங்களைக் கரை விளிம்பில் வைக்க வேண்டாம். காற்றில் மரம் ஆடும்போது கரையும் ஆடும்.

முதல் இரண்டு மழைக்காலம்

புதுக் கரைக்கு முதல் இரண்டு மழைக்காலம்தான் சோதனை. பெருமழை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சுற்று போய் வாருங்கள். விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால் மண் போட்டு மூடி இடித்து, தண்ணீர் இறங்காமல் தடுக்க வேண்டும். வெடிப்பு அகலமாகிக்கொண்டே போனால் கரைக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. எலி, முள்ளம்பன்றி வளைகளை அடைக்க வேண்டும். வாய்க்காலில் இலை, மண் அடைப்பை எடுக்க வேண்டும். சுவர்த் துளையில் வழக்கமாக வரும் தெளிந்த நீர் திடீரென்று நின்றாலோ, சேறாக வந்தாலோ உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

பழைய கரைகள் விழுவதற்கு நாம் செய்யும் ஒரு வேலையும் காரணம். ஒவ்வொரு போகத்திலும் களை எடுக்கும் சாக்கில் மண்வெட்டியால் கரையைச் சீவி, பாத்தியை ஓர் அங்குலம் அகலப்படுத்துவோம். பத்து வருடத்தில் சாய்வான கரை செங்குத்தாகிவிடும். கரையில் உள்ள களையை அரிவாளால் அறுக்க வேண்டும். மண்வெட்டி படக் கூடாது. வெளி விளிம்பில் ஒன்றரை அடி பயிரில்லாமல் விட்டுவிடுங்கள். பாத்தி, வரப்பு எல்லாம் படியின் நீளவாக்கில் இருக்கட்டும்.

வெட்டாமலும் பயிர் செய்யலாம்

33 சதவீதத்துக்கு மேல் சரிவு, பாறை மேலேயே தெரியும் ஆழமில்லாத மண், ஊற்று நிலம் ஆகியவற்றில் படித்தளம் வேண்டாம். சம உயரத்தில் கல் வரப்பு அடுக்கி, அதன் மேல்பக்கம் புல் வரிசை வைத்தால், அடித்துவரும் மண் வருடாவருடம் வரப்பின் பின்னால் தங்கி, சில ஆண்டுகளில் சரிவு தானாகவே குறையும். வேகம் குறைவுதான், ஆனால், மண்ணைக் கிளறாத முறை. பழமரங்களுக்கு மரத்துக்கு ஒன்றாகத் தனி மேடையோ பிறைப் பாத்தியோ போதும். தேயிலையில் வரிசைகளுக்கு இடையே விட்டுவிட்டு எடுக்கும் சம உயரக் குழிகள் மண்ணையும் ஈரத்தையும் பிடிக்கும்.

அனுமதியும் ஆலோசனையும்

நீலகிரியில் பொக்லைன், ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களைக் கொண்டு மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. மற்ற மலைப்பகுதிகளிலும் வருவாய்த் துறையிடம் விதிமுறையைக் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் ஊர்களில், சொந்த நிலத்து மரமானாலும் முன் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். அனுமதி கேட்டுப் போகும்போதே தண்ணீர் எங்கே வெளியேறும் என்பதைக் காட்டும் கைவரைபடத்தையும் கொண்டுபோனால் அதிகாரிகளிடம் பேசுவது எளிது.

படித்தளம், கல் வரப்பு, தடுப்பணை போன்ற மண்வளப் பாதுகாப்புப் பணிகளை வேளாண் பொறியியல் துறை செய்துவருகிறது. எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அருகில் உள்ள உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் சிட்டா, அடங்கலுடன் சென்று விசாரிக்கலாம். உதகையில் இயங்கும் இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்திலும் மலைநிலத்துக்கான தொழில்நுட்ப ஆலோசனை பெறலாம். காய்கறி, பழமரம் வைப்பவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலரையும் கலந்துகொள்வது நல்லது.

நீலகிரியின் மேற்குப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி அடங்கிய கிழக்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையும் அதிகம். உங்கள் பக்கம் எந்த மழை பலமோ, அதற்கு முன்பே மண்வேலை, வாய்க்கால், புல் நடவு மூன்றும் முடிந்திருக்க வேண்டும். தையில் மேல் வாய்க்கால், மாசி, பங்குனியில் படி வெட்டு, சித்திரையில் கரை வேலை, முதல் மழைக்குப் புல் நடவு என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். பணமோ ஆளோ போதவில்லை என்றால் இந்த வருடம் வாய்க்காலையும் இரண்டு படியையும் மட்டும் முடியுங்கள். மழையில் அவை எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, மீதியை அடுத்த தையில் தொடரலாம்.